கன்னி மூலையில் இரண்டு பெட்டிகள்

திரையில் நீலக் கோடு நகர்கிறது. நகர்கிறது என்று நம்புகிறேன், ஏனென்றால் எதிரில் உட்கார்ந்து கண்ணெடுக்காமல் பார்ப்பவனுக்கு அது நகர்வது தெரியாது, வேறெங்காவது பார்த்துவிட்டுத் திரும்பினால்தான் ஒரு மயிரிழை தள்ளிப் போயிருப்பது தெரியும், ஆகவே வேறெங்காவது பார்க்க வேண்டும், ஏசியைப் பார்க்கலாம், ஏசிக்கு அடியில் சொட்டுத் தண்ணீருக்காக வைத்த வாளியைப் பார்க்கலாம், கதவில் ஒட்டியிருக்கிற ‘செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்’ என்ற காகிதத்தைப் பார்க்கலாம், பார்த்தாயிற்று, மறுபடி கோடு. காலையில் ஒரு டிஸ்க் செத்துப்போயிற்று. ஆஸ்பத்திரியின் தகவலெல்லாம் சேர்ந்திருக்கிற இந்தப் பெட்டிக்குள் வரிசையாகச் செருகியிருக்கிற டிஸ்குகளில் ஒன்று போனால் பயமில்லை, அதிலிருந்ததை மற்றவை தங்களுக்குள் பிரித்து வைத்திருக்கும், புது டிஸ்க் ஒன்றைச் செருகினால் எல்லாவற்றையும் அதற்குத் திருப்பிச் சொல்லிக்கொடுக்கும், அப்படிச் சொல்லிக்கொடுப்பதன் அளவுதான் இந்த நீலக் கோடு. வலது ஓரத்தைத் தொட்டுவிட்டால் பிழைத்தோம். தொடுவதற்குள் இன்னொன்று போனால் மொத்தப் பெட்டியும் போச்சு, அப்புறம் எந்தச் சாமியைக் கும்பிட்டும் பிரயோசனமில்லை. புது டிஸ்க் கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் பார்சலாக வந்தது, ஈரோடு பஸ் ஸ்டாண்டில் கண்டக்டரிடமிருந்து குழந்தையை வாங்குவது போல வாங்கிக்கொண்டு வந்தேன், செருகினேன், கம்பெனி எஞ்சினியர் சென்னையிலிருந்து போனில், இனி முடிகிற வரைக்கும் எதையும் தொடாதீங்க சார் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். தொடாதே என்று சொல்ல எதற்கு எஞ்சினியர். கீழே கதிர்வீச்சுப் பிரிவின் வராந்தாவில் என் அக்கா உட்கார்ந்திருக்கிறாள். உணவுக்குழாயில் கட்டி. எந்தக் கோணத்திலிருந்து எவ்வளவு கதிர், நுரையீரலில் படாமல், தண்டுவடத்தில் படாமல் எப்படிச் சுற்றி வர வேண்டும் என்று ஜெசிந்தா மேடம் நாள்கணக்கில் உட்கார்ந்து போட்ட கணக்கு இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. இந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருக்கிறது.

மட்டும்தான் என்பதை யாரிடம் சொல்வது. சர்வர் இரண்டு இருக்கிறதே பூபதி, ஒன்று போனால் இன்னொன்று எடுத்துக்கொள்ளும் என்று நீதானே காட்டினாய் என்பார்கள். காட்டினேன்தான். ஒரு சர்வருக்குள் பல கம்ப்யூட்டர்கள் இருப்பதாகப் பாவித்து ஓட்டுகிற வித்தை இது, ரிஜிஸ்ட்ரேஷனுக்கு ஒன்று, லேபுக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று, கதிர்வீச்சுக்கு ஒன்று, எதற்கும் சொந்தமாக உடம்பு கிடையாது, இந்த சர்வரில் இல்லாவிட்டால் அந்த சர்வரில் எழுந்து நிற்கும். ஆஸ்பத்திரியை நடத்துகிற பெரிய டாக்டர் பட்டு வேட்டியோடு வந்து நின்ற அன்று ஒரு சர்வரின் ஒயரைப் பிடுங்கிக் காட்டினேன், எல்லாம் அணைந்து இரண்டு நிமிஷத்தில் பக்கத்து சர்வரில் ஒவ்வொன்றாக எழுந்தது, கைதட்டினார்கள், கேசரி கொடுத்தார்கள். எழுந்து நின்றவற்றுக்கு நினைவெல்லாம் எங்கே இருக்கிறது என்று ஒருவர் கேட்கவில்லை. இரண்டு சர்வரும் சாப்பிடுவது ஒரே தட்டில். தட்டு இந்தப் பெட்டி. ஆள் மாற்றி ஆள் வேலை செய்ய எத்தனை பேர் இருந்து என்ன, தட்டு உடைந்தால் இரண்டு பேரும் பட்டினி. அன்றைக்கே சொல்லியிருக்கலாம், கேசரி கையில் இருந்தது, பெரிய டாக்டர் தோளில் தட்டிக்கொண்டிருந்தார், அதிலும் ஒரு சுகம் இருக்கத்தான் செய்தது. என்ன சத்தம் அது. ஒன்றுமில்லை, ஏசி. ஏசி நின்று மறுபடி ஓடுகிற சத்தம். ஒவ்வொரு டிஸ்கின் முகத்திலும் ஒரு பச்சை விளக்கு, துடிக்கிறது, பச்சை, பச்சை, பச்சை, இதில் ஏதாவது ஒன்று ஆரஞ்சாக மாறினால் அப்படியே எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு எங்காவது போய்விட வேண்டியதுதான், பவானி, கொடுமுடி, எங்காவது. அக்காவை வராந்தாவில் விட்டுவிட்டா. கிறுக்கு.

அடியில் இன்னொரு பெட்டி இருக்கிறது. அதைத்தான் பார்க்கப் பிடிக்கவில்லை, காலால் உதைக்க வேண்டும் போல இருக்கிறது. அது இங்கே இருக்கவே கூடாது. ரோட்டுக்கு அந்தப் பக்கத்துப் புதுக் கட்டிடத்தில், ஒதுக்கிக் கொடுத்த அறையில், தினமும் இங்கிருப்பதன் நகலை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியது, இந்தக் கட்டிடமே எரிந்தாலும் அங்கிருந்து எல்லாவற்றையும் எழுப்பலாம் என்பதற்காக வாங்கியது. இரண்டு பெட்டியும் ஒரே லாரியில் வந்தன. பூஜைக்காக இரண்டையும் இங்கே வைத்தோம், சந்தனம் குங்குமம் வைத்தோம், வாசலில் பூசணிக்காய் உடைத்தோம், நல்ல நேரம் முடிவதற்குள் இரண்டையும் ஒரே மூச்சில் ஓடவிட்டோம். அப்புறம்தான் பெரிய டாக்டரின் மைத்துனர் திசைகாட்டியோடு வந்தார். அந்த அறை ஈசானிய மூலையில் இருக்கிறது, அங்கே பாரம் ஏற்றினால் ஆஸ்பத்திரி எழுந்திருக்காது, பாரமெல்லாம் கன்னி மூலையில்தான் இருக்க வேண்டும் என்றார். இந்த அறை கன்னி மூலை. கிரானைட்டும் இரும்புமாக ஒரு கட்டிடத்தையே தாங்குகிற மண் இந்த ஒரு பெட்டியின் பாரத்தைத் தாங்காதாம். வேறு அறை பார்த்துத் தருகிறோம் என்றார்கள். அந்த வேறு அறை இன்னும் பார்க்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. அதற்குள் ஸ்கேன் படங்கள் வைக்க இடமில்லை என்று டாக்டர்கள் கத்த ஆரம்பித்தார்கள், கீழே ஒரு பெட்டி சும்மாதானே கிடக்கிறது என்று யாரோ சொன்னார்கள், சும்மா கிடப்பதுதான் அதற்கு வேலை என்று சொல்லிப் பார்த்தேன், சிரித்தார்கள். சும்மா கிடக்கிற திண்டாட்டம் எனக்குத் தெரியாததா, எங்கள் வீட்டில் சும்மா கிடக்கிற அறையில் கல்யாணப் பாத்திரம் ஏறவில்லையா, ஏறியபின் யார் இறக்கினார்கள். இப்போது அந்தப் பெட்டி நிறையப் படங்கள். நகலுக்கு இடமில்லை. இரண்டு பெட்டியின் டிஸ்குகளும் ஒரே தொழிற்சாலையில் ஒரே வாரத்தில் பிறந்து ஒரே முகூர்த்தத்தில் ஓட ஆரம்பித்தவை, ஒரே வயது, ஒரே களைப்பு. ஒன்று போயிருக்கிறது என்றால் மற்றவை எவ்வளவு தூரத்தில் இருக்கும். ஜாதகம் பார்த்துச் சேர்த்து வைத்த மாதிரி எல்லாம் ஒன்றாகப் போவதற்குத்தான் அந்த நல்ல நேரம் பார்த்தோமா.

ஒத்திகை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பெட்டியையே அணைத்துவிட்டு என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும், அதற்கு ஒரு திட்டம் எழுதிக்கொண்டு போனேன், முதல் பக்கத்தில் ‘பேரழிவு மீட்புத் திட்டம்’ என்று போட்டிருந்தேன். பெரிய டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அழிவுங்கற வார்த்தைய ஆஸ்பத்திரிக்குள்ள கொண்டுவரலாமுங்களா பூபதி என்றார். மரியாதையாகத்தான் கேட்டார், அவர் யாரையும் வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவார். வார்த்தையை மாற்றினேன், ‘சேவைத் தொடர்ச்சி’ என்றாயிற்று. ஆடியில் வேண்டாம் என்றார்கள், புரட்டாசியில் ஆயுத பூஜை கழியட்டும் என்றார்கள், மார்கழி பீடை, தையில் அவர் மகளுக்குக் கல்யாணம், நல்ல காரியம் நடக்கிறபோது எல்லாவற்றையும் அணைத்துப் பார்க்கிறேன் என்று ஒருத்தன் கிளம்புவதா. கெட்டதைப் பேசினால் கெட்டது வந்துவிடும். வாய் திறக்காமல் இருந்தால் அது வாசலோடு திரும்பிப் போய்விடும் என்கிற மாதிரி. படித்தவர், எத்தனை வயிற்றைத் திறந்து பார்த்தவர், அவருக்கா இது என்று அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது அக்காவிடம்தான் சொல்லிச் சிரித்தேன். அப்போது அக்கா எல்லாம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கம்பு சோறும் கீரைக் கடைசலும். இப்போது ராகிக் கஞ்சியை வடிகட்டித் தூக்குப்போசியில் கொண்டுவந்து ஒவ்வொரு மடக்காக இறக்குகிறாள், ஒவ்வொரு மடக்குக்கும் கண்ணை மூடிக்கொள்கிறாள். கோடு. பாதியைத் தாண்டிவிட்டது. தாண்டிவிட்டதா, இல்லை சாய்ந்து உட்கார்ந்ததால் அப்படித் தெரிகிறதா.

போன் அடிக்கிறது. ஜெசிந்தா மேடம். ரொம்ப மெதுவாக இருக்கிறது பூபதி, ஒரு நோயாளியின் படம் திறக்கவே யுகமாகிறது, நிறுத்திவிடவா, ஓட்டவா, நீங்களே சொல்லுங்கள் என்கிறார். நானே சொல்வதாம். நிறுத்தினால் பெட்டிக்கு வேலை குறையும், கோடு வேகமாக ஓடும், மற்ற டிஸ்குகள் மூச்சு வாங்காது, பிழைக்க வாய்ப்பு கூடும், ஆனால் வராந்தாவில் இருப்பவர்கள் எல்லாரும் இன்றைய சிகிச்சை இல்லாமல் திரும்ப வேண்டும், அந்தியூரிலிருந்தும் சத்தியமங்கலத்திலிருந்தும் பஸ் ஏறி வந்தவர்கள், அக்காவும், அக்காவுக்கு ஒரு நாள்கூட விட்டுப்போகக் கூடாது, விட்டால் கட்டிக்குத் தெம்பு வந்துவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஓட்டினால் இன்றைக்குக் கிடைக்கும், நாளைக்கு எல்லாமே போகலாம், அப்புறம் மறுபடி ஸ்கேன், மறுபடி கணக்கு, எல்லாருக்கும், ஜெசிந்தா மேடம் ஒருத்தர், எத்தனை பேருக்குப் போடுவார். அக்காவுடையதை மட்டும் ஒரு பென் டிரைவில் உருவிக்கொள்ள முடியுமா என்று காலையிலேயே மேடத்திடம் கேட்டேன், கேட்கும்போதே காது சூடேறியது. அப்படித் தனியாக வராதாம், ஒருத்தர் கணக்கு எல்லார் கணக்கோடும் பின்னிக் கிடக்கிறதாம், மொத்தத்தையும் எடுக்க வேண்டுமாம், மொத்தத்தையும் இப்போது எடுக்கப் போனால் எல்லா டிஸ்கையும் ஒரே நேரத்தில் விரட்ட வேண்டும், அந்த ஓட்டத்திலேயே இன்னொன்று விழலாம். காப்பாற்றப் போய்க் கொல்வது. பெரிய டாக்டரைக் கேளுங்கள் மேடம் என்றேன். வேறென்ன சொல்ல. கேட்டுவிட்டாராம், ஓட்டச் சொன்னாராம். அப்படியானால் ஓட்டுங்கள். அடுத்தது உங்க அக்காதான் என்கிறார், சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார். ஆக அக்கா உள்ளே போகிறாள். மேசையில் படுத்துக் கையைத் தலைக்கு மேல் தூக்கி அந்தப் பிடியைப் பிடித்துக்கொள்வாள், கதவு மூடும், உள்ளே அவள் மட்டும். அவளுடைய கணக்கைப் படிப்பதற்கு இந்த டிஸ்குகள் இப்போது ஓடுகின்றன. பச்சை வேகமாகத் துடிக்கிறதே, அது அக்கா.

மூன்றாவது விளக்கு. மூன்றாவது ஆரஞ்சா. இல்லை, பச்சை. திரையில் மஞ்சளாக ஒரு வரி வந்திருக்கிறது, மூன்றாவது டிஸ்கில் தவறுகள் கூடுகின்றன, கவனிக்கவும். கவனிக்கவும். கவனித்துக்கொண்டுதானே இருக்கிறேன், கவனிப்பதைத் தவிர இங்கே எனக்கு வேறு என்ன வேலை, ஊதவா முடியும், பிடித்துவிடவா முடியும், உள்ளே ஏதோ ஒரு முள் தடுமாறுகிறது, தட்டுகிறது, மறுபடி படிக்கிறது, நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கவனிக்கிறேன். அக்காவையும் இப்படித்தான். கொண்டுவந்து விடுகிறேன், கூட்டிக்கொண்டு போகிறேன், நடுவில் கவனிக்கிறேன். மாமா லாரியில் போனால் நாக்பூர், ஜெய்ப்பூர் என்று மாதமாகும் திரும்ப, வந்தாலும் அக்காவைப் பார்த்துவிட்டு வெளியே போய் நின்றுகொள்கிறார். அந்த வீட்டில் எல்லாம் அக்காதான். அக்கா மகள் நிறைமதிக்கு வாசல் கோலமாவு வாடையிலேயே இளைப்பு வரும் என்பது அக்காவுக்குத் தெரியும், எனக்கு அது போன மாதம்தான் தெரிந்தது. கோபம் வந்தால் அந்தப் பெண் பேசமாட்டாள், சாப்பிடமாட்டாள், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இன்னும் முறுக்கிக்கொள்வாள், என்ன சொன்னால் இறங்கி வருவாள் என்பது அக்காவுக்குத் தெரியும். மாமாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது. தாய்மாமன் என்று பேர், சீர் செய்யத் தெரியும். போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து போகும்போது ஆட்டோவில் அக்கா என் கையைப் பிடித்து, நானில்லாட்டி பாப்பாவுக்கு என்று ஆரம்பித்தாள். அபசகுனமாப் பேசாதக்கா என்றேன். வெடுக்கென்று சொன்னேன், ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். அதற்கு முன்னால் ஒரு நாள் அடுப்படியில், தம்பி உங்கிட்ட ஒண்ணு சொல்லி வெக்கோணும் என்றாள். எல்லாம் சரியாயிரும், அப்புறம் பேசிக்கலாம் என்றேன். அதற்கும் முன்னால் கோயிலில். கோயிலில் வைத்துப் பேசுகிற பேச்சா என்றேன். ஆடி வேண்டாம், புரட்டாசி வேண்டாம், மார்கழி வேண்டாம். ஐயோ. நானும் பெரிய டாக்டரைப் போல மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தவன்தானா. வார்த்தையை மாற்று, அதைச் சொல்லாதே, கொண்டுவராதே. சிரித்தேனே அவரைச் சொல்லி, கீரைக் கடைசலோடு உட்கார்ந்து.

அவள் சொல்ல வந்ததை வாங்கி வைத்துக்கொள்வதில் என்ன குறைந்து போயிருக்கும். பயம். சொன்னாளானால் அது நடந்துவிடும், சொல்லாதவரை அவள் போக முடியாது, பாதிப் பேச்சை விட்டுவிட்டு யாராவது போவார்களா, அப்படி ஏதோ ஒரு கணக்கு எனக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. எல்லாரும் பாதிப் பேச்சில்தான் போகிறார்கள். அந்தச் செத்த டிஸ்க் எதை முடித்துவிட்டுப் போனது. இன்றைக்கே கேட்டுவிட வேண்டும், இந்தக் கோடு முடிந்ததும், முடியாவிட்டாலும், வராந்தாவிலேயே உட்கார வைத்து, சொல்லுக்கா, முதலிலிருந்து சொல்லு என்று. எல்லாவற்றையும். இளைப்பு மருந்து எங்கே இருக்கிறது என்பதிலிருந்து. அழக்கூடாது. அழுதால் அவள் நிறுத்திவிடுவாள். கோடு ஓரத்துக்கு வந்துவிட்டது, இன்னும் ஒரு நகம் அளவு, மஞ்சள் வரி அப்படியே நிற்கிறது, மூன்றாவது விளக்கு பச்சை, பச்சை, ஓட்டு சாமி, ஓட்டு, யாரிடம் சொல்கிறேன், பச்சை. முடிந்தது. அவ்வளவுதான். ஒரு மணியடிக்கவில்லை, ஒன்றுமில்லை, நீலம் முழுவதுமாகி, ‘சீராக உள்ளது’ என்று ஒரு சின்ன வரி. எழுந்து நிற்கிறேன், கால் மரத்துப் போயிருக்கிறது. மூன்றாவதை மாற்ற வேண்டும், அதற்கும் பஸ்ஸில் டிஸ்க் வர வேண்டும், அதற்கும் ஒரு கோடு ஓடும், அதன் பிறகு நான்காவது. சீராக உள்ளது என்று எழுதியவன் யாரோ.

கதவுக்கு வெளியே அக்கா நிற்கிறாள். சிகிச்சை முடிந்து அவளாகவே படியேறி வந்திருக்கிறாள், தூக்குப்போசி கையில், கழுத்தில் பேனாவால் போட்ட கோடு தெரியாமலிருக்க முந்தானையைச் சுற்றியிருக்கிறாள். ஏன் ஏறினாய், நான் வந்திருப்பேனே என்கிறேன். நீ சாப்பிடவே வரலையே, அதான் என்கிறாள். மூச்சு வாங்குகிறது, சுவரோரம் பெஞ்சில் உட்கார வைத்துப் பக்கத்தில் உட்கார்கிறேன். அவள் கை ஜில்லென்று இருக்கிறது. இப்போதே கேட்டுவிடு, இப்போது விட்டால் ஆட்டோ வந்துவிடும், ஆட்டோவில் வைத்துக் கேட்க முடியாது.

“அக்கா, அன்னைக்குச் சொல்ல வந்தியே. பாப்பாவப் பத்தி. இப்பச் சொல்லு, நான் கேட்டுக்கறேன்.”

அக்கா என்னைப் பார்க்கிறாள். வருத்தமாகக்கூட இல்லை, சின்ன வயதில் நான் எதையாவது தாமதமாகப் புரிந்துகொண்டால் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

“அதெல்லாம் பாப்பாகிட்டவே சொல்லிட்டேன் சாமி” என்கிறாள். “நீ தாங்கமாட்டே. உங்க மாமனும் தாங்கமாட்டாரு. அவதான் உக்காந்து கேட்டுக்கிட்டா, அழுவாம.”

எட்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. எப்போது சொன்னாள், எந்த இடத்தில் உட்கார வைத்துச் சொன்னாள், அந்தப் பிள்ளை அன்றைக்குச் சாப்பிட்டதா. அடக்கிக்கொள்ள வேண்டும் என்று நினைத்திருந்தது எல்லாம் முகத்தில் வந்துவிட்டது போலிருக்கிறது, அக்கா முந்தானையை எடுத்து என் கன்னத்தைத் துடைக்கிறாள்.

“நீ இப்படி உக்காந்துட்டீன்னா என்ன சொல்லி எழுப்பிவிடோணும்னுங்கூட அவகிட்டச் சொல்லி வெச்சிருக்கேன்” என்கிறாள்.